கால்நடை ஒட்டுண்ணி மருந்துகளும் நன்னீர் உயிரினங்களும்

கால்நடை ஒட்டுண்ணி மருந்துகள் என்பவை மாடு, ஆடு முதலியவற்றைத் தாக்கும் குடற்புழுக்கள், உண்ணிகள், பேன்கள் ஆகியவற்றை அழிக்கப் பயன்படும் மருந்துகள் ஆகும். கால்நடைக்குத் தீங்கு செய்யாத இம்மருந்துகளுட் சில, நீரில் கலந்தால் அங்கு வாழும் சிற்றுயிர்களுக்குக் கடும் நஞ்சாகின்றன.

மருந்துகளும் செயற்பாடும்

ஐவர்மெக்டின் 1981ஆம் ஆண்டு கால்நடை மருந்தாக அறிமுகமானது. இதன் கண்டுபிடிப்புக்காக வில்லியம் காம்பெல், சத்தோசி ஓமுரா ஆகியோர் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவை உண்ணிகளுக்கு எதிராக மாட்டின் உடலில் தெளிக்கப்படுகின்றன. இவை அனைத்தும் ஒட்டுண்ணியின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றன. உண்ணியைப் போலவே நீர்ப்பூச்சிகளும் இறால், நண்டு வகைகளும் கணுக்காலிகளே. ஆதலால் அவையும் பாதிக்கப்படுகின்றன.

நீரை அடையும் வழிகள்

* மருந்து தெளித்த மாட்டை வாய்க்காலிலோ குளத்திலோ குளிப்பாட்டுதல்
* மழையில் அடித்துச் செல்லப்படும் சாணம் (ஐவர்மெக்டினின் பெரும்பகுதி சாணத்தின் வழியே வெளியேறுகிறது)
* மீந்த மருந்தையும் காலிக் கலன்களையும் நீரில் எறிதல்

விளைவுகள்

ஒரு லிட்டர் நீரில் 0.025 மைக்ரோகிராம் ஐவர்மெக்டின் இருந்தாலே 48 மணி நேரத்தில் டாஃப்னியா எனும் நீர்த்தெள்ளுகளில் பாதி இறந்துவிடுவது ஆய்வகச் சோதனையில் அறியப்பட்டுள்ளது. இம்மருந்து வெயிலில் விரைவில் சிதைந்தாலும், அடிச்சேற்றில் ஒட்டி நெடுநாள் தங்கும். சைபர்மெத்ரின் மீன்களையும் நேரடியாகக் கொல்லவல்லது. சிற்றுயிர்கள் அழிந்தால் அவற்றை உண்ணும் மீன்களும் தவளைகளும் இரையிழக்கின்றன.

பிரித்தானிய அனுபவம்

பிரித்தானியாவில் செம்மறியாடுகளை மருந்துநீரில் முக்கியெடுக்கும் வழக்கம் உண்டு. இதற்குப் பயன்பட்ட கரிமப் பாசுபரசு மருந்துகள் மனிதர் உடல்நலத்தைப் பாதிக்கும் என்ற அச்சத்தால், பலர் சைபர்மெத்ரினுக்கு மாறினர். ஆனால் அது நீர்வாழ் பூச்சிகளுக்கு முன்னதைவிடப் பன்மடங்கு கொடியது. ஓடைகள் மாசடைந்ததால் அதன் விற்பனை 2006இல் நிறுத்தப்பட்டு, 2010இல் உரிமமும் விலக்கப்பட்டது.

கம்பம் பள்ளத்தாக்கு

தேனி மாவட்டத்தின் மார்க்கையன்கோட்டை, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் பேரூராட்சியாகும். இத்தகைய ஊர்களில் வயலுக்குப் பாயும் வாய்க்காலே மாடுகள் நீர் அருந்தும் இடமும் ஆகும். ஆறு வைகையுடன் கலந்து வைகை அணையை அடைவதால், இங்கு நீரில் சேர்வது கீழ்ப்பகுதிகளுக்கும் செல்லக்கூடும்.

தடுப்பு முறைகள்

முதுகில் ஊற்றும் ஐவர்மெக்டின் இட்ட மாடுகளை 14 நாட்களுக்கு ஓடை, குளங்களில் இறக்கலாகாது என ஐரோப்பிய மருந்துக் குறிப்புகள் அறிவுறுத்துகின்றன. அந்நாட்களில் தொட்டியில் நீர் காட்டலாம். சாணப் பரிசோதனைக்குப் பின் தேவையான மாடுகளுக்கு மட்டும் குடற்புழு நீக்கம் செய்வது, மருந்தின் அளவையும் செலவையும் குறைக்கும்.