அச்சில் ஏறிய எட்டயபுரத்து இசை

சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, எட்டயபுரம் சமஸ்தானத்தின் வித்யா விலாசினி அச்சுக்கூடத்திலிருந்து 1904ஆம் ஆண்டு தெலுங்கு எழுத்தில் வெளிவந்த நூல். தொகுத்தவர் ஆஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதர் (1839–1906). இரண்டு தொகுதிகளாக, ஏறத்தாழ 1,700 பக்கங்கள் கொண்ட இந்நூலில் முத்துசுவாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் ஸ்வரப்படுத்தப்பட்டுள்ளன. வேங்கடமகி மரபில் வந்த லட்சண கீதங்கள், தானங்கள், சஞ்சாரிகள், 76 பேரின் வாழ்க்கைக் குறிப்புகள் ஆகியவையும் உண்டு. இது வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டு கிராமபோன் தட்டில் பதிவாகியிருந்தது. அன்றைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைத் தாண்டாது. சவுக்க காலத்தில் நகரும் ஒரு தீட்சிதர் கிருதிக்கு அதில் பல்லவியோடு இடம் தீர்ந்துவிடும். இந்த இசைக்கு முழுமையான முதல் பதிவு காகிதத்தில்தான் கிடைத்தது.

பதிவு எட்டயபுரத்தில் நிகழ்ந்ததற்கு ஒரு குடும்ப வரலாறு காரணம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னையில், மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் இருந்தபோது, ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர். பிற்காலத்தில் அவர் எட்டயபுரத்தில் ஆஸ்தான வித்துவானாக அமர்ந்தார். அவரைத் தேடி வந்த அண்ணன் 1835 தீபாவளி நாளில் இங்கேயே மறைந்தார். அவருடைய சமாதி இவ்வூரில்தான் இருக்கிறது. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரனும் சுவீகாரப் புத்திரனுமே சுப்பராமர். முத்துசுவாமி தீட்சிதரின் பாடாந்தரம் வெளியார் கைபடாமல் இவரிடம் வந்து சேர்ந்தது.

அதே மணலி நாட்களின் இன்னொரு விளைவு நோட்டு சாகித்தியங்கள். கோட்டையில் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதச் சொற்கள் அமைத்தார். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ நாற்பது இத்தகைய பாடல்களும் சங்கராபரண ஸ்வரங்களில், கமகமே (ஸ்வரங்களின் அசைவே) இல்லாமல் நடப்பவை. கமகத்தின் கடலான ஒருவர் கமகத்தை முழுக்க ஒதுக்கிவைத்து எழுதினார் என்பதே அவற்றின் சுவை. சுப்பராமர் இவற்றில் பலவற்றைப் பெரிய நூலில் வைக்காமல், 1905இல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட பிரதமாப்யாச புஸ்தகத்தில் சேர்த்தார். அந்த இடம் பொருத்தமானதுதான்.

நூலுக்குத் தூண்டுதலாக இருந்தவர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஏ. எம். சின்னசாமி முதலியார் சென்னைத் தலைமைச் செயலகத்தில் அலுவலர், கிறிஸ்தவர், ஐரோப்பிய இசையும் அறிந்தவர். வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரிடமிருந்து தியாகராசர் கீர்த்தனைகளைப் பெற்று, 1892–93இல் அவற்றை ஐந்து கோட்டு ஸ்டாஃப் நோட்டேஷனில் பகுதி பகுதியாக வெளியிட்டார். உலகத்தின் எந்த மூலையிலும் ஒரு வாத்தியக்காரர் அந்தத் தாளை முன்னால் வைத்து வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தீட்சிதர் கிருதிகளுக்காக அவர் சுப்பராமரை நாடினார். முதலியாரின் கண்பார்வை குன்றி, வேலை பாதியில் நிற்கும் நிலை வந்தபோது, 1899 வாக்கில் அவருடைய வேண்டுகோள் எட்டயபுரம் அரசர் ஜகத்வீர ராம வேங்கடேசுவர எட்டப்பர் முன் வந்தது. அரசர் சொல்லைத் தட்ட முடியாமல் சுப்பராமர் ஏடுகளைத் திறந்தார். அச்சுச் செலவைச் சமஸ்தானம் ஏற்றது. கரிசல் காட்டு ஊர் ஒன்றின் அச்சுக்கூடம் மிகச் சிக்கலான ஓர் இசை நூலை அடித்து முடித்தது.

சிக்கல் கமகக் குறிகளில் இருந்தது. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஐந்து கோட்டில் எழுதினால் ஒரு புள்ளியோடு முடிந்துவிடும். பாடும்போதோ அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்கும். அசைவை நிறுத்தினால் தோடி இல்லை. ஆகவே சுப்பராமர் ச ரி க ம எழுத்துகளையே வைத்துக்கொண்டு, தலைக்கு மேல் தனித்தனி அடையாளம் இட்டார். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் சாய்கோடுகள். நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஒரிகை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி; வீணையில் எந்த மெட்டில் விரல் வைத்துத் தந்தியை எப்படி இழுப்பது என்ற விளக்கமும் கூடவே உண்டு. எந்த அச்சுக்கோப்பாளர் பெட்டியிலும் இல்லாத குறிகள் இவை. ராக முறையிலும் நூலுக்குத் தனி வழி: கனகாங்கியில் தொடங்கும் பட்டியலை விட்டு, வேங்கடமகி சம்பிரதாயத்தின் கனகாம்பரி வரிசையில் 72 மேளங்களையும் அடுக்குகிறது.

நூலுக்குக் கிடைத்த மதிப்பை வெளியீட்டுக் காலப் பாராட்டுகளைக் கொண்டு அளப்பதைவிட, பிறகு வித்துவான்கள் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்ப்பதே சரி. 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமியின் நிபுணர் குழு ராக லட்சணங்களை விவாதித்த காலத்தில், பிரதர்சினி சாட்சிக் கூண்டில் அடிக்கடி ஏறியது. சுப்பராமரின் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்கு வந்து டி. எல். வேங்கடராம ஐயர் போன்றோருக்குப் பாடம் சொல்ல, ஏட்டில் இருந்தது தொண்டைக்கும் வந்தது. அகாதெமி 1961 முதல் தமிழ் எழுத்தில் பதிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான், தெலுங்கு அறியாத தமிழ்ப் பாடகருக்கு நூல் நேரடியாகக் கிடைத்தது. எட்டயபுரத்தில் அச்சான நூல் தமிழ் எழுத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது சற்று வேடிக்கைதான்.

சர்ச்சையும் ஓயவில்லை. 229க்கு வெளியே தீட்சிதர் பெயரில் வழங்கும் கிருதிகள் பல. கல்லிடைக்குறிச்சி சுந்தரம் ஐயர் போன்றோர் அவற்றை வெளியிட்டபோது, எவை அவருடையவை என்ற கேள்வி எழுந்தது. நூலில் உள்ள கிருதிகளிலும் மேடை வழக்கு வேறாக இருக்கும். ‘வாதாபி கணபதிம்’ இன்று அடுக்கடுக்கான சங்கதிகளோடு பாடப்படுகிறது. சங்கதிகளை மகா வைத்தியநாத சிவன் வளர்த்தார் என்பர். பிரதர்சினியின் பக்கத்தில் அது மிக அடக்கமாக நிற்கிறது. இதை நூலின் குறையாகக் கொள்வதற்கில்லை. உண்மையான குறை வேறு: நெளிகோடு இங்கே அசைவு உண்டு என்று சொல்லும்; எவ்வளவு தூரம், எத்தனை முறை என்று சொல்லாது. அதற்குக் குரு வேண்டும்.

தனியாகப் பாடுபவருக்கு இது தடையில்லை. ஆனால் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வரிசை வயலின்காரர்கள் ஒரே அசைவை ஒரே அளவில் வாசித்தாக வேண்டும். தாளை மட்டும் வைத்து இந்த இசையை வாசிக்க முடியுமா என்ற, சின்னசாமி முதலியாரின் ஆசை எழுப்பிய கேள்வி அங்கே மீண்டும் எழுகிறது. இசையமைப்பாளர் கன்னிகேசுவரன் 2008இல் ‘விஸ்மயா’ என்ற இசைத்தட்டில் நோட்டு சாகித்தியங்களைப் பதிவுசெய்தபோது சிக்கல் இல்லை, ஏனெனில் கமகமே இல்லை. இளையராஜாவின் ‘திருவாசகம்’ (2005) வேலையைப் பங்கிட்டுக்கொண்டது: புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா மேற்கத்திய முறையில் வாசிக்க, அசைவுகளைக் குரல் ஏற்றது. லண்டனில் 2025 மார்ச் 8 அன்று மைக்கேல் டாம்ஸ் நடத்த, ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்த இளையராஜாவின் ‘வேலியன்ட்’ தொடக்கம் முதலே ஸ்டாஃப் நோட்டேஷனில் சிந்திக்கப்பட்ட சிம்பொனி. தமிழகம் அதைக் கொண்டாடியதற்கும் ராகத்துக்கும் தொடர்பில்லை. கேள்வியை நேரடியாகச் சந்தித்த பதிவு, லண்டன் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா 2010 ஜூலை 1 அன்று ராயல் பெஸ்டிவல் ஹாலில் அரங்கேற்றிய ரவிசங்கரின் சிம்பொனி. அரங்கிலேயே பதிவாகி, அந்த ஆர்கெஸ்ட்ராவின் சொந்த வெளியீடாக வந்தது. ரவிசங்கர் தந்த ஸ்வரக் குறிப்புகளை ஐந்து கோட்டுக்கு மாற்றியவர் நடத்துநர் டேவிட் மர்ஃபி. அங்கும் ராகத்தின் நுண்ணிய அசைவுகளில் பெரும்பகுதியை அவர் மகள் அனுஷ்காவின் சிதார்தான் சுமக்கிறது.