கூலிச் செய்தி யார் வாயில் வருகிறது?

கவுஞ்சியில் பூண்டு நடவு நேரத்தில் கூலி எவ்வளவு என்று விசாரித்தால் ஒரே பதில் கிடைப்பதில்லை. மன்னவனூரில் ஒரு தொகை, பூம்பாறையில் வேறொரு தொகை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இதற்கு மண், விளைச்சல், வேலையின் கடுமை என்று பல காரணங்கள் சொல்லலாம். நான் படித்த வரையில், அதிகம் பேசப்படாத ஒரு காரணமும் உண்டு. பக்கத்து ஊரில் என்ன கூலி என்ற செய்தி யார் மூலம் வருகிறது என்பதே அது.

இதற்குப் பெரிய சாட்சி, நம் மக்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பிக்கும், 1869-க்குப் பிறகு காப்பிச் செடியை இலைநோய் அழித்தபின் தேயிலைக்கும், மதுரை, ராமநாதபுரம், திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஏழைகள் கடல் தாண்டினார்கள். அவர்களை அழைத்துப் போனவர் கங்காணி. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில சமயம் உறவுக்காரர். அங்கே வேலை எப்படி, கூலி எவ்வளவு என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். வழிச்செலவுக்கும் முன்பணத்துக்கும் அவரே கடன் கொடுப்பார். போய்ச் சேருமுன்பே ஆள் கடன்காரன் ஆகிவிடுவான்.

கங்காணியின் வருமானம் எதிலிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தம் கூட்டத்தில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் தோட்டத்துரை அவருக்குக் காசு கொடுத்தார். ஓர் ஆள் வேறு தோட்டத்துக்குப் போனால் கங்காணிக்கு நஷ்டம். அப்படியிருக்க, அடுத்த தோட்டத்தில் இரண்டு காசு கூடத் தருகிறார்கள் என்று அவர் எதற்காகச் சொல்லப்போகிறார்? செய்தியைக் கொண்டுவந்தவரும் அதை மறைத்தால் லாபம் அடைபவரும் ஒருவரே.

கங்காணியே இடம் மாற நினைத்தால் அதற்கு ‘துண்டு’ என்ற சீட்டு இருந்தது. இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் ஆட்களை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டும். கடன் தொழிலாளியின் தலைமேலேயே தொடர்ந்து போகும். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம்மைப் பற்றிய சீட்டில் என்ன தொகை இருக்கிறது என்பதே தெரியாமல் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு மாறினார்கள்.

முதலாளிகள் இப்படி இருட்டில் இருக்கவில்லை. அவர்களுக்கு 1854 முதலே சங்கம் இருந்தது. 1904-ல் அந்தச் சங்கம் திருச்சியில் இலங்கைத் தொழிலாளர் கமிஷன் என்ற அலுவலகத்தைத் திறந்தது. ஆள் எங்கே கிடைக்கும், என்ன செலவாகும் என்று அறிய அவர்களுக்கு ஓர் அலுவலகம். தொழிலாளிக்கு ஊர்க் கங்காணியின் வாய் மட்டும்.

துண்டு முறை 1921-ல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922-ல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்து, இலங்கையில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் அமர்ந்தார். 1927-ல் இலங்கையில் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வந்தது. அதன்படி நிர்ணயித்த விகிதத்தில் மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கங்காணி என்ன சொன்னாலும், இதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று ஒரு எண் அச்சில் ஏறியது. ஆனால் பெண்ணுக்கு 11 சதம் குறைவு என்பதும் அதே அச்சில் ஏறியது. தோட்டங்களில் ஆண், பெண் இருவருக்கும் சமக்கூலி வந்தது 1984-ல்தான். செய்தி வெளியே வந்தால் மட்டும் நியாயம் வந்துவிடாது. ஆனால் அநியாயம் எவ்வளவு என்று எண்ணிச் சொல்லவாவது முடியும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் குஸ்தாவ் தெ மொலினாரி நினைவுக்கு வருவார். பெல்ஜியத்தில் பிறந்து பாரிஸில் எழுதிய பொருளாதார அறிஞர். பங்குகளின் விலை நாள்தோறும் பத்திரிகையில் வருகிறதே, கூலி விலை ஏன் வரக்கூடாது என்று 1840-களில் கேட்டார். ஒவ்வொரு ஊரிலும் என்ன கூலி என்று வெளியிட்டால் தொழிலாளி நல்ல இடம் பார்த்துப் போவான் என்பது அவர் எண்ணம். இதைப் பாரிஸ் தொழிலாளர்களே விரும்பவில்லை. இங்கே கூலி அதிகம் என்று தெரிந்தால் வெளியூர்க்காரன் வந்து குவிந்துவிடுவான், நம் கூலி இறங்கிவிடும் என்று அஞ்சினார்கள். தெரிந்தவன் தெரியாதவனிடம் மறைப்பது முதலாளிக்கு மட்டும் உள்ள குணம் அல்ல என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

நம் நாட்டுக்கு வருவோம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, நேர்காணல் கடிதத்துக்குக் காத்திருந்தது நம் வயதுக்காரர் பலருக்கும் நினைவிருக்கும். காலியிடங்களை அந்த அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று 1959-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் யாருக்கெல்லாம் பொருந்தாது என்ற பட்டியலையும் படிக்க வேண்டும். தனியார் விவசாயம், தோட்டக்கலை வேலைகள் (இயந்திரம் ஓட்டுபவர் நீங்கலாக), வீட்டு வேலை, மூன்று மாதத்துக்குக் குறைந்த வேலை எல்லாம் விலக்கு. கவுஞ்சியில் பூண்டு நடுபவர், உருளைக்கிழங்கு தோண்டுபவர், காரட் கழுவி மூட்டை பிடிப்பவர், இவர்களில் ஒருவரும் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. குமாஸ்தா வேலைக்கு அறிவிப்புப் பலகை. மலைக்கூலிக்குப் பழையபடி ஆள் கூட்டிப் போகிறவரின் வாய்.

அந்த நிலையில் ஒரு மாற்றம் 2006-ல் வந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் முதலில் தொடங்கிய தமிழ்நாட்டு மாவட்டங்கள் ஆறில் நம் திண்டுக்கல்லும் ஒன்று. தொடக்க ஆண்டுகளில் நாளுக்கு 80 ரூபாய் என்றார்கள். அளவெடுத்துக் கொடுத்தபோது கையில் குறைந்ததும் உண்டு. ஆனாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை என்பது ஊரெல்லாம் தெரிந்தது. அதற்குப் பிறகு தோட்டத்துக்குக் கூப்பிட வருபவரிடம், “அங்கே போனா எம்பது ரூவா இருக்கே, நீங்க எவ்வளவு தர்றீங்க?” என்று கேட்கும் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, எண் தெரிந்திருக்கிறது. இரண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக வேறு இடம் இருக்கிறது. இலங்கைக்குப் போனவனுக்கு இரண்டுமே இல்லை.

இப்போது கைப்பேசி வந்துவிட்டது, செய்திக்கு என்ன பஞ்சம் என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் அழைப்பு பெரும்பாலும் வீட்டு ஆணின் எண்ணுக்குத்தான் வருகிறது. “நாளைக்கு நாலு பொம்பளையாள் வேணும்” என்று சொல்வார்கள். கூலியும் அங்கேயே பேசி முடிந்துவிடும். வேலை செய்யப்போகிற பெண்ணுக்குப் புறப்படும் நேரம் மட்டும் தெரியவரும்.

1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே விவசாய வேலையும் சேர்ந்திருந்தது. அரசு அறிவிக்கும் அந்தக் கூலியை ஊராட்சி அலுவலகத்துக்கு உள்ளே கோப்பில் வைக்காமல், ரேஷன் கடைச் சுவரிலும் பேருந்து நிற்கும் இடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் ஒரு டப்பா பெயிண்ட்தான் செலவு. படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் படித்துச் சொல்லட்டும். உங்கள் ஊரில் அப்படி எழுதியிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.