மலை உச்சியில் நின்று அளந்த ஆரை

ஓ.எல். கணக்குப் பேப்பரில் ஆரையைப் பெரும்பாலும் அவர்களே தந்துவிடுவார்கள். 7 சென்ரிமீற்றர் என்றால் பரிதி, பரப்பளவு எல்லாம் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் மையத்துக்குப் போகவே ஏலாத வட்டம் என்றால்? பூமியின் மையத்தில் யார் கவராயம் குத்துவது?

9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தின் கலீபா அல்-மஃமூன் இதற்கு ஆட்களை அனுப்பினார். சிஞ்சார் சமவெளியில் வடக்குத் தெற்காக நடந்து, வானத்தில் ஒரு பாகை மாறுவதற்கு எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். அதை 360ஆல் பெருக்கினால் பரிதி வரும், பரிதியிலிருந்து ஆரை வரும். வழி சரிதான், ஆனால் அரசனின் காசும் ஆளும் வேணும்.

இரண்டு நூற்றாண்டு கழித்து, நடக்காமலே இதைச் செய்தவர் அல்-பிரூனி. 973இல் குவாரிசம் நாட்டில் பிறந்தவர். 1017இல் கசினி மஹ்மூத் அந்த நாட்டைப் பிடித்தபோது இவரையும் கசினிக்குக் கொண்டுபோனார்கள். மஹ்மூதின் படை போன பாதையிலேதான் இவரும் பஞ்சாபுக்கு வந்தார். இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா கோட்டைக்குப் பக்கத்தில், பரந்த சமவெளியைப் பார்த்தபடி ஒரு மலை. அவருக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் கீழே இரண்டு இடங்களில் நின்று உச்சியின் கோணத்தைப் பார்த்து, மலையின் உயரத்தைக் கணித்தார்: சுமார் 652 முழம். பிறகு உச்சியில் ஏறி, கிடைமட்டத்துக்குக் கீழே அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார்: 34 கலை, அதாவது ஒரு பாகையில் பாதிக்குக் கொஞ்சம் கூட.

இனி நாங்கள் படித்த தேற்றம்தான். கண்ணிலிருந்து அடிவானத்துக்குப் போகும் கோடு ஒரு தொடலி. தொடலியும் ஆரையும் சந்திக்கிற இடத்தில் செங்கோணம். பூமியின் மையம், அடிவானம், மலை உச்சி மூன்றையும் இணைத்தால் செங்கோண முக்கோணம் வந்துவிடும். அதன் ஒரு பக்கம் ஆரை. செம்பக்கம் ஆரையுடன் மலையின் உயரம். மையத்தில் உள்ள கோணமும் அதே 34 கலை. தெரியாதது ஆரை மட்டும்தான். அவருக்குக் கிடைத்த விடை 12,803,337 முழம்.

இன்று நாங்கள் சொல்வது சராசரியாக 6,371 கிலோமீற்றர். அவருடைய முழத்தின் நீளத்தை எவ்வளவு என்று எடுக்கிறோமோ, அதைப் பொறுத்து வித்தியாசம் கூடும், குறையும். ஆனாலும் அவர் பக்கத்தில் வந்துவிட்டார். அதில் அதிர்ஷ்டமும் உண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. கோணத்தில் ஒரு கலை பிழைத்தால் ஆரை கிட்டத்தட்ட 6 சதவீதம் மாறிவிடும். காற்றில் ஒளி வளைவதால் அடிவானமும் கொஞ்சம் உயர்ந்துதான் தெரியும்.

அதே பஞ்சாபில் மஹ்மூத் கொள்ளையடித்தார். அல்-பிரூனியோ சமஸ்கிருதம் படித்தார், இந்தியாவைப் பற்றி நூல் எழுதினார். தன் அரசனின் படையெடுப்புகள் அந்த நாட்டைப் பாழாக்கியதையும் அதில் ஒளிக்காமல் பதிந்து வைத்தார்.

தொடலிக்கும் ஆரைக்கும் நடுவில் அந்தச் சின்னச் செங்கோணக் குறியைப் போடும்போது, "இதால என்ன பிரயோசனம்?" என்று நாங்களும் கேட்டிருக்கிறோம். கைதி மாதிரிக் கொண்டுபோகப்பட்ட ஒருவர் அதை வைத்துப் பூமியையே அளந்திருக்கிறார்.