லயத்துக்கு வந்த மாம்போ

1904 இறுதியில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. தேயிலைப் பெட்டி கீழே போகும், அரிசி மூட்டை மேலே வரும். 1940களில் அந்த ரயில் நின்றுபோயிற்று. அதன்பின் வந்த தலைமுறை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலிலேயே கியூபாவின் தாளத்தைக் கேட்டது. அதைக் கொண்டுவந்தது இலங்கை வானொலி.

கியூபாவும் தோட்டத்து நாடுதான். கரும்பு வெட்ட ஸ்பானியர் அடிமைகளாகக் கொண்டுபோன ஆப்பிரிக்கரின் பறையும் ஸ்பானியரின் கிட்டாரும் அங்கே கலந்தன. 1940இல் நியூயார்க்கில் மச்சிட்டோ 'ஆஃப்ரோ-கியூபன்ஸ்' குழுவைத் தொடங்கினார். அவருடைய மைத்துனர் மாரியோ பௌசா, சிக் வெப்பின் ஜாஸ் குழுவில் டிரம்பெட் வாசித்துத் தேறியவர். டிரம்பெட்டும் சாக்சபோனும் வரிசை வரிசையாக முழங்க, கொங்கா, பொங்கோ, டிம்பாலே மூன்றும் அடியில் ஓடின. எல்லாவற்றையும் கட்டிப்போடுவது இரண்டு குச்சிகள் தட்டும் ஐந்தே அடி: மூன்றும் இரண்டுமாக, அல்லது இரண்டும் மூன்றுமாக. பிராட்வேயின் பலேடியம் மண்டபத்தில் கறுப்பர், புவர்ட்டோ ரிக்கர், யூதர், இத்தாலியர் எல்லாரும் ஒரே தளத்தில் இந்த இசைக்கான மாம்போ நடனம் ஆடினார்கள். நிறம் பார்த்துக் கதவடைத்த அந்தக் காலத்து அமெரிக்காவில் அது சிறிய காரியமல்ல.

அந்தத் தாளம் இந்தியாவுக்கும் வந்தது. லண்டனில் எட்மண்டோ ரோஸ் பாடிய மெட்டொன்றை 1950இல் 'சமாதி' இந்திப் படத்துக்கு எடுத்தாண்டார் சி. ராம்சந்திரா. பம்பாயில் இந்த இசையை வாசித்துக் கொடுத்தவர்களில் பலர், கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் மேற்கத்திய இசை படித்தவர்கள். சென்னையில் விசுவநாதன்–ராமமூர்த்தி அதைத் தமிழாக்கினார்கள். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தின் 'அவளுக்கென்ன' பாட்டில் இசைக்குழுவே திரைக்கு வருகிறது, எம்.எஸ்.வி. கைவீசி நடத்த, பொங்கோ துள்ளுகிறது. 1952இல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோ சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தபோது, தமிழகமே கொழும்பு அலைவரிசைக்குத் திரும்பியது. மலையகத்துக்கோ அது சொந்த நாட்டு வானொலி.

மேற்கத்திய நடனம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. தோட்டத் துரைமாரின் கிளப்புகளில் அது நடந்தது. கொழுந்து பறித்தவர்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் தாளத்துக்கு அவர்கள் யாரையும் எதிர்பார்த்திருக்கவில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் சேர்க்கும் பெரட்டுக்கு அழைத்ததும் தப்புப் பறை, மாசியில் காமன்கூத்தை ஆட்டுவித்ததும் தப்பு. அடிமேல் அடி அடுக்கும் கியூபப் பறைகளை அந்தக் காது அந்நியமாக நினைத்திருக்க முடியாது.

இலங்கைக்கே கியூப இசை தூரத்து உறவு. போர்த்துக்கேயரும் அவர்கள் கப்பலில் வந்த ஆப்பிரிக்கரும் விட்டுப்போன கஃபிரிஞ்ஞா ஆட்டப்பாட்டிலிருந்து வளர்ந்ததுதான் பைலா. 1940களில் பொலிஸ்காரராயிருந்த வாலி பஸ்தியன் அதை மேடையேற்றினார். கடல் வேறு, கதை ஒன்று: ஐபீரியரின் தந்தி, ஆப்பிரிக்கரின் தோல். 1960களில் 'லொஸ் கபலேரோஸ்' போல ஸ்பானியப் பெயர் சூட்டிக்கொண்டு சிங்களத்தில் பாடிய குழுக்கள் கிளம்பின. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பைக் கொண்டாட்டமாக்கினார்கள். மனோகரனின் 'சுராங்கனி'யை இன்றும் கிரிக்கெட் மைதானத்தில் பப்பரே குழுக்கள் டிரம்பெட்டும் மேளமுமாக ஊதித் தள்ளுகின்றன. விக்கெட் விழுந்தாலும் விழாவிட்டாலும் சனம் எழுந்து ஆடுகிறது.