கப்பலுக்குக் காத்திருக்கும் நெல்

ஏனாத்தூரிலிருந்து அப்பா போன் செய்தால் முதல் பேச்சு மழை, அடுத்தது உரம். ஒரு நவரைப் பருவத்தில் நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது கூப்பிட்டார். நடவு முடிந்து மூன்று வாரம், மேலுரம் போட வேண்டிய நேரம். "யூரியா இல்லடா. கப்பல் வரணுமாம்" என்றார்.

கடற்கரையே இல்லாத ஊர் எங்களுடையது. ஏரித்தண்ணீரில் விளைகிற நெல்லுக்குக் கப்பல் எதற்கு? மென்பொருள் வேலையில் இதை டிபெண்டென்சி என்போம். எங்கோ யாரோ எழுதிய சின்ன நிரல் ஒன்று நின்றுபோனால், அதன் பெயரே தெரியாத நம் செயலியும் சேர்ந்து படுத்துவிடும். அப்பாவின் வயல் எதையெல்லாம் சார்ந்திருக்கிறது என்று அன்றுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

பள்ளியில் எல்லோரும் உணவுச்சங்கிலி வரைந்திருப்போம். புல்லை மான் தின்னும், மானைப் புலி தின்னும். அந்தப் படத்தில் சோறு தின்கிற ஆள் இருக்கவே மாட்டார். அவரும் இருக்கிற படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் வேடந்தாங்கலுக்குப் போகவேண்டும். நத்தைக்குத்தி நாரை பக்கத்து வயல்களிலும் குட்டைகளிலும் நத்தை தேடுகிறது. நீர்க்காகமும் கூழைக்கடாவும் மீன் பிடிக்கின்றன. தின்றுவிட்டு எல்லாம் ஏரிக்குள் நிற்கும் மரங்களுக்குத் திரும்புகின்றன. எச்சம் தண்ணீரில் விழுகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் மதகு வழியாக நெல் வயலுக்குப் போகின்றன. வயலிலிருந்து போனது வயலுக்கே திரும்பி வருகிறது.

இதை அந்த ஊர்க்காரர்கள் வேதியியல் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது போய் முறையிட்டார்கள். 1790-களில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்றுக் கௌல் எழுதிக்கொடுத்தார். பறவை மேல் இருந்த பாசம் மட்டும் காரணமில்லை, அது விளைச்சல் கணக்கும்தான். அதனாலேயே அந்தக் காவல் இவ்வளவு காலம் நின்றது என்று நினைக்கிறேன்.

ஐரோப்பா இதே கணக்கை 1840-களில் போட்டது. பெரு நாட்டுத் தீவுகளில் மலைபோல் குவிந்திருந்த பறவை எச்சத்தை வெட்டிக் கப்பலில் ஏற்றியது. சில பத்தாண்டுகளில் குவியல் கரைந்தது. பிறகு ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றிலிருக்கும் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் வழியைக் கண்டார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகில் கோடிக்கணக்கானவர்கள் உண்பது அந்தக் கண்டுபிடிப்பால்தான். அதைக் குறை சொல்லிவிட்டு நான் சாப்பிட உட்கார முடியாது. ஆனால் அம்மோனியா செய்ய இயற்கை எரிவாயு வேண்டும். நம் யூரியா ஆலைகளுக்கான எரிவாயுவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது, போதாததற்கு யூரியாவாகவும் வருகிறது. 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் உலகச் சந்தையில் உர விலை எங்கோ போனது. மதகில் தொடங்கிய சங்கிலி வளைகுடா வரை நீண்டுவிட்டது. அப்பா சொன்ன கப்பல் இதுதான்.

நீளம் மட்டும்தான் பிரச்சினையா? உத்திரமேரூருக்குப் போனபோது வேறொன்று தோன்றியது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோருக்கும் தெரியும். முதல் பராந்தகனின் பன்னிரண்டாம், பதினான்காம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை, அதாவது 919, 921. ஜனநாயகத்தின் பெருமையாக மேடைதோறும் சொல்கிறோம். எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஏரி வாரியம். முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தவர்களில் ஆறு பேர் ஏரிக்கு. பொறுப்பு முந்நூற்றறுபது நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. ஊர்ச்சோற்றின் முதல் கண்ணிக்கு ஆறு முகங்கள் இருந்தன. தண்ணீர் வரவில்லையென்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று ஊருக்குத் தெரியும்.

இத்தோடு நிறுத்தினால் மேடைப் பேச்சாகிவிடும். அதே கல்வெட்டு யார் நிற்கலாம் என்றும் சொல்கிறது. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவர் என்றால் அரைக்கால் வேலி போதும். பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம் அது. ஏரியில் இறங்கி வண்டலை வெட்டிச் சுமந்தவரின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. என் அப்பாவின் பெயரும்தான். கணக்குக் கேட்கும் வழக்கம் இருந்தது, கேட்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை.

ஊர் ஏரி மட்டுமே காப்பாற்றிவிடும் என்பதும் இல்லை. 1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். செங்கல்பட்டு, நெல்லூர், சேலம் என்று மாகாணமே காய்ந்தது. அப்போதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் வந்து நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியம், கூட ஓரணா. ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தாங்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் கூலி கூடியது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ரயிலும் கப்பலும் இருந்த காலத்தில் வந்த பஞ்சம் அது. சங்கிலி நீண்டிருந்தது, ஆனால் அதன் மறுமுனையில் இருந்தவர்கள் பசித்தவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான் ரேஷன் கடையை யாராவது கிண்டல் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது. தமிழ்நாட்டில் 2011-லிருந்து அரிசி அட்டைக்கு இலவச அரிசி. அந்தக் கடையில் அரிசி இல்லையென்றால் தெருவில் நின்று சத்தம் போடலாம், அடுத்த தேர்தலில் காட்டலாம். அந்த வகையில் ரேஷன் கடைக்கு முகம் உண்டு, நிலமில்லாதவரும் கேட்கலாம். 921-ல் இல்லாதது அது. ஆனால் இந்தக் கேள்வி கடைசிக் கண்ணியோடு நின்றுவிடுகிறது. அரிசிக்குப் பின்னால் இருக்கும் வண்டலுக்கும் பறவைக்கும் உரத்துக்கும் யாரிடம் கேட்பது?

யூரியா ஒருவழியாக வந்தது, பத்து நாள் தாமதமாக. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். மதகுக்குக் கீழே தண்ணீர் சன்னமாகக் கசிந்து கொண்டிருந்தது. வரப்பில் நாலைந்து நத்தைக்குத்திகள், எங்களைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்தன.

"எத்தனை நாளாப்பா இப்படி ஒழுகுது?"

"போன மழையிலேர்ந்து."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "யார்கிட்டடா சொல்றது?"