விளம்பரத் தொழிலுக்குப் போகிற பேத்திக்கு

போன மாதம் சென்னையில் படிக்கும் பேத்தி போன் செய்தாள். "தாத்தா, படிப்பு முடிஞ்சதும் விளம்பரக் கம்பெனியில ஸ்ட்ராட்டஜி பக்கம் போகலாம்னு இருக்கேன். நீங்கதான் எப்பப் பார்த்தாலும் புத்தகமும் கையுமா இருக்கீங்களே, என்ன படிக்கலாம்னு சொல்லுங்க" என்றாள்.

ஸ்ட்ராட்டஜி என்றால் என்னம்மா என்று கேட்டேன். விளம்பரத்துக்கு வாசகம் எழுத ஒருவர், படம் போட ஒருவர். இவர்களுக்கெல்லாம் முன்னால், யாரிடம் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், அவர் ஏன் அதை நம்ப வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்க ஒருவர். அந்த ஒருவராகத்தான் அவள் ஆகப் போகிறாளாம்.

முப்பத்து நான்கு வருஷம் புதுவை அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். அலுவலகச் சுவரில் ஒட்டிய அறிவிப்புகளைத் தவிர வேறு விளம்பரம் எதையும் எழுதியதில்லை. அந்த அறிவிப்புகளில் ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தொழிலின் சரித்திரத்தைக் கொஞ்சம் படித்தேன். பேத்திக்குச் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவலாம்.

நான் முதலில் சொன்ன புத்தகம் அவளுக்குச் சிரிப்பை வரவழைத்தது. அது ஒரு பிரெஞ்சு நாவல். பால்சாக் 1837-இல் எழுதிய 'சேசார் பிரொத்தோ'. பிரெஞ்சு வழியில் படித்த நாங்கள் பள்ளி நாளில் பால்சாக் என்றாலே பக்கம் பக்கமான வர்ணனைக்குப் பயந்து ஓடுவோம். ரோமன் ரோலன் நூலகத்தில் அந்த நாவலை எடுத்து நான் முழுதாகப் படித்தது ஐம்பது வயதுக்கு மேல்தான்.

பிரொத்தோ பாரிஸில் வாசனைத் தைலக் கடை வைத்திருப்பவர். அந்த வியாபாரத்தில் சுவரொட்டியையும் பத்திரிகை விளம்பரத்தையும் முதலில் கையாண்டவர் என்று பால்சாக் அவரை அறிமுகப்படுத்துகிறார். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த மெக்காசர் எண்ணெய்க்குப் பெரிய கிராக்கி. நாவலில் வருவது கற்பனை இல்லை, நிஜமாகவே விற்ற எண்ணெய். நம் வீட்டுச் சோபா முதுகில் தலை எண்ணெய் படாமலிருக்க ஒரு துணி போடுவோமே, அதற்கு ஆங்கிலத்தில் ஆன்ட்டிமெக்காசர் என்று பெயர் வந்ததே இந்த எண்ணெயால்தான்.

மெக்காசரை வெல்ல பிரொத்தோ ஒரு தைலம் கொண்டுவர நினைக்கிறார். வோக்லேன் என்ற ரசாயன அறிஞரிடம் போய்க் கேட்கிறார். அவரும் நிஜமாக வாழ்ந்தவர். எந்த எண்ணெயாலும் முடி வளராது என்று அவர் சொல்லிவிடுகிறார். நாமாக இருந்தால் அந்த இடத்திலேயே கடையைக் கட்டியிருப்போம். ஆனால் பிரொத்தோவின் கடைப்பையனாக இருந்து தனிக்கடை வைக்கும் போப்பினோவுக்கு எழுதிக் கொடுக்கப்படும் விளம்பரத் தாளைப் பாருங்கள். எந்தத் தைலமும் முடியை வளர்க்காது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது என அதுவே ஒப்புக்கொள்கிறது. பிறகுதான், இருக்கிற முடியைக் காப்பாற்ற இந்தத் தைலம் உதவும் என்கிறது. எதிராளி அளக்கிற பொய்யை உடைத்துவிட்டு, அந்த நம்பிக்கையின் மேல் தன் சரக்கை வைக்கிற வித்தை. பேத்தி படிக்கப்போகிற ஸ்ட்ராட்டஜி என்பது இதுதான் என்று சொன்னேன்.

அந்த நாவலே ஒரு விளம்பரமாகத்தான் வெளிவந்தது. 'ஃபிகாரோ' பத்திரிகை தன் சந்தாதாரர்களுக்கு அதை இனாமாகக் கொடுத்தது. அதற்கு முந்தைய வருஷம், 1836 ஜூலை முதல் தேதி, எமில் தெ ழிரார்தேன் என்பவர் 'லா பிரெஸ்' என்ற தினசரியை ஆரம்பித்திருந்தார். மற்றப் பத்திரிகைகளுக்கு வருஷச் சந்தா 80 பிராங்க், இவருடையதற்கு 40. மீதியை விளம்பரம் கொடுப்பவர் கட்டட்டும் என்பது அவர் கணக்கு. சந்தா குறைந்தால் வாசகர் கூடுவார், வாசகர் கூடினால் விளம்பரம் வரும். இன்று நீங்கள் காசு கொடுக்காமல் செல்போனில் பார்க்கும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான்.

இரண்டாவது, சோலா 1883-இல் எழுதிய நாவல். 'பெண்களின் ஆனந்தம்' என்ற பெயருடைய ஒரு பெரிய ஜவுளி மாளிகையின் கதை. பாரிஸின் 'பான் மார்ஷே' போன்ற கடைகளுக்குள் போய்க் குறிப்பெடுத்து எழுதினார். அம்மாவோடு வரும் குழந்தைகளுக்குக் கடைப்பெயர் போட்ட பலூன் கொடுப்பார்கள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் போகும். சம்பளமில்லாத விளம்பரக்காரர்!

பிறகு அமெரிக்கா. 1904-இல் சிகாகோவில் ஆல்பர்ட் லாஸ்கர் என்ற இளைஞர் ஒரு விளம்பர நிறுவனத்தில் இருந்தார். கனடாவில் குதிரைப் போலீசாக இருந்த ஜான் கென்னடி என்பவர், விளம்பரம் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். அவர் சொன்ன பதில், அச்சில் ஏறிய விற்பனையாளன் என்பதே. அதே நிறுவனத்துக்குப் பின்னால் வந்த கிளாட் ஹாப்கின்ஸ் 1923-இல் 'சயன்டிஃபிக் அட்வர்டைசிங்' எழுதினார். சின்னப் புத்தகம், இரண்டு மாலையில் முடித்துவிடலாம். இதை ஏழு தடவை படிக்காதவரை விளம்பரத் தொழிலில் விடக்கூடாது என்று டேவிட் ஓகில்வி சொன்னார்.

ஹாப்கின்ஸ் கூட்டத்துக்கு எழுதாதே என்கிறார். உன் சரக்கு தேவைப்படுகிற ஒரே ஒரு ஆள் எதிரே நிற்பதாக நினைத்து எழுது என்கிறார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். முன்பு சொன்ன அறிவிப்பு ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு முப்பது வயதுகூட ஆகாத காலம். விதவைகளுக்கான உதவித்தொகை பெறுவோர் புதுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. அறிவிப்பை எழுதியது நான். 'மேற்கண்ட அரசாணையின்படி' என்று ஆரம்பித்து, 'தவறும் பட்சத்தில்' என்று முடித்தேன். மேலதிகாரி ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். எனக்கு அதில் பெருமை.

அலுவலக வாசலுக்கு எதிரே இட்லி விற்ற ஒரு அம்மா உண்டு. தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தண்ணீர் எடுக்கப் போவாள். படிக்கத் தெரிந்தவள். கடைசித் தேதி போய், ஐந்து மாதம் பணம் நின்ற பிறகு என்னிடம் வந்தாள். சுவரில் ஒட்டியிருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பார்த்தேங்க ஐயா. ஆபீஸ்காரங்களுக்கு ஏதோ ஒட்டியிருக்காங்கன்னு நெனச்சேன். எங்களுக்குன்னு அதுல எதுவும் இல்லையே" என்றாள்.

பிறகு எழுதிப் போட்டுப் பணம் வாங்கிக் கொடுத்தோம். அதற்குள் அவள் காதுத் தோட்டை விற்றிருந்தாள். அவள் சொன்னதைத்தான் ஹாப்கின்ஸ் புத்தகமாக எழுதியிருக்கிறார். எனக்கு அது புரிய இருபத்தைந்து வருஷமும் ஒரு புத்தகமும் வேண்டியிருந்தது.

இனி மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓகில்வியின் 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் ஆன் அட்வர்டைசிங் மேன்' 1963-இல் வந்தது. அந்த மனிதர் பாரிஸில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தார், வீடு வீடாகப் போய் அடுப்பு விற்றார், கேலப் நிறுவனத்தில் மக்கள் கருத்தை எண்ணிப் பார்த்தார், அதன் பிறகுதான் 1948-இல் நியூயார்க்கில் நிறுவனம் தொடங்கினார். கடைசிக் காலத்தைப் பிரான்சில் வியென் மாவட்டத்தில் ஒரு கோட்டை மாளிகையில் கழித்து, 1999-இல் அங்கேயே இறந்தார். 1631-இல் பிரான்சின் முதல் வாரப் பத்திரிகையை நடத்தி, வேலை தேடுவோரையும் ஆள் தேடுவோரையும் சேர்த்து வைக்கப் பாரிஸில் ஒரு விலாசக் கச்சேரியும் வைத்திருந்த டாக்டர் ரெனொதோ பிறந்ததும் அதே மாவட்டத்து ஊரில்தான்.

பேத்தி போகிற வேலைக்கென்றே தனிப் பதவி உண்டானது 1968-இல், லண்டனில். ஸ்டீபன் கிங், ஸ்டான்லி பொலிட் என்ற இருவர், வெவ்வேறு நிறுவனங்களில். வாங்குகிறவரின் குரலை விளம்பரம் செய்கிற அறைக்குள் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும் என்பதே இருவரின் எண்ணமும். அதை அறிய ஜான் ஸ்டீல் 1998-இல் எழுதிய 'ட்ரூத், லைஸ் அண்ட் அட்வர்டைசிங்' போதும். கலிபோர்னியாவில் பால் விற்பனைக்கு விளம்பரம் செய்ய, சிலரை ஒரு வாரம் பாலே இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். பாலின் சத்தைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்பதில்லை, காலையில் பாத்திரம் காலியாக இருக்கும்போதுதான் பாலின் அருமை தெரிகிறது என்று கண்டுகொண்டார்கள். காலைக் காப்பிக்குப் பால் திரிந்துபோன வீட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அதற்கு வேன்ஸ் பேக்கார்டின் 'தி ஹிடன் பெர்சுவேடர்ஸ்', 1957. மனோதத்துவத்தை வைத்து மக்களை வாங்கவைக்கிறார்கள் என்று எச்சரித்த புத்தகம். வேலையில் சேர்வதற்கு முன்னால் ஒரு தடவை, பெரிய சம்பளம் வந்த பிறகு இன்னொரு தடவை படி என்று சொன்னேன்.

"இன்டர்வியூல பால்சாக் படிச்சேன்னு சொன்னா வேலை கொடுப்பாங்களா தாத்தா?" என்றாள்.

கொடுப்பார்களோ மாட்டார்களோ, பிரொத்தோவின் முடிவைக் கேள் என்றேன். நோட்டரி ஒருவர் பணத்தோடு ஓடிப்போக, பிரொத்தோ திவாலாகிறார். பிறகு உழைத்து, ஒரு காசு பாக்கியில்லாமல் எல்லாக் கடனையும் அடைத்துவிட்டுச் செத்துப் போகிறார். விளம்பரம் செய்த மனிதர்தான். ஆனால் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்.

ஹாப்கின்ஸ் புத்தகத்தைப் பேத்திக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் ஆசீர்வாதத்துக்குக் கீழே, அந்த இட்லிக்கார அம்மா சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.