சிவப்புச் சிலுவை போட்ட கோப்பை

வெள்ளைப் பீங்கான் மக். அதில் சிவப்புச் சிலுவை, கீழே 'இங்கிலாந்து' என்ற ஒற்றைச் சொல். லண்டனில் நினைவுப் பொருள் விற்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். பார்த்தால் நூற்றாண்டுகள் பழைய பெருமை போலத் தெரியும். உண்மையில் இந்தப் பெருமைக்கு வயது குறைவு.

பீங்கானில் படம் அச்சடிக்கும் தொழில் பழையதுதான். அதற்கு முன் ஒவ்வொன்றாகக் கையால் வரைய வேண்டும். அது வசதி படைத்தோர் வீட்டுச் சாமான். 1756இல் லிவர்பூலில் ஜோன் சட்லர், கை கிரீன் என்ற இருவர், ஆறு மணித்தியாலத்தில் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் பதித்ததாகச் சத்தியக் கடதாசியே கொடுத்தார்கள். பிறகென்ன, மன்னரின் முகம் கூலித் தொழிலாளியின் அடுப்படிக்கும் வந்துவிட்டது. போர் வெற்றியா, முடிசூட்டு விழாவா, உடனே ஒரு கோப்பை. எட்டாம் எட்வர்டின் கதை வேடிக்கையானது. 1937 மே 12 முடிசூட்டு விழா என்று கோப்பைகள் செய்யப்பட்டிருக்க, அவரோ 1936 டிசம்பரிலேயே அரியணையைத் துறந்துவிட்டார். அதே திகதியில் தம்பி ஆறாம் ஜோர்ஜ் முடிசூடினார்.

ஆனால் அந்தக் கோப்பைகள் கொண்டாடியது மன்னரையும் பிரித்தானியாவையும். இங்கிலாந்தைத் தனியாக அல்ல. யூனியன் ஜெக் முழு ஐக்கிய இராச்சியத்தினதும் கொடி. வகுப்பறையில் இதைப் பிரித்துக் காட்டுவதே எமக்குப் பெரும்பாடு. 1966 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் இங்கிலாந்து இரசிகர்களே அதைத்தான் அசைத்தார்கள். 1996 ஐரோப்பியக் கிண்ணத்தின்போதுதான் சிவப்புச் சிலுவைக் கொடி மைதானத்தை நிறைத்தது. 1999இல் ஸ்கொட்லாந்துக்குப் பாராளுமன்றமும் வேல்ஸுக்குச் சட்டசபையும் கிடைத்தன. இங்கிலாந்துக்கென்று தனிச் சபை இன்றும் இல்லை. கொடியும் கோப்பையும்தான் மிஞ்சின.

அந்தச் சிலுவை புனித ஜோர்ஜுடையது. மூன்றாம் எட்வர்ட் 1348 அளவில் தனது வீரர் குழுவுக்கு அவரைப் பாதுகாவலராக்கினார். அவரோ இங்கிலாந்தை மிதித்தவரல்ல. இன்றைய துருக்கியிலுள்ள கப்பதோக்கியாவோடும் பலஸ்தீனத்தின் லித்தாவோடும் மரபு அவரை இணைக்கிறது. லித்தாவில் அவரது கல்லறை இருப்பதாக நம்பப்படும் தேவாலயமும் ஒரு பள்ளிவாசலும் ஒட்டியே நிற்கின்றன. பள்ளிவாசலின் பெயர் அல்-கிள்ர். பலஸ்தீனத்தில் முஸ்லிம்கள் பலர் அவரை ஹிழ்ர் (அலை) அவர்களோடு சேர்த்தே நினைவுகூர்ந்து வந்திருக்கிறார்கள். அவ்வூர் அரபு மக்களில் பெரும்பாலானோர் 1948 ஜூலையில் விரட்டப்பட்டார்கள். இன்று 'எங்கள் நாடு எங்களுக்கே' என்று குடியேறிகளுக்கு எதிராக அந்தக் கொடியைத் தூக்குவோருக்கு இந்த ஊரின் பெயராவது தெரியுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனாலும் அந்தக் கோபத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட் என்ற ஊரைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பீங்கான் செய்து வாழ்ந்த ஊர். ரோயல் டோல்டன் கம்பனி 2005இல் அங்கிருந்த தனது தொழிற்சாலையை மூடியது. வேலை இந்தோனேசியாவுக்குப் போனது. கொடி போட்ட மக் பல இப்போது சீனாவில் செய்யப்படுகின்றன.

ஸ்டோக் மக்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்கு, எந்த உணவகத்துக்குப் போனாலும், கோப்பையைத் திருப்பி அடியில் எந்த ஊர் முத்திரை இருக்கிறது என்று பார்ப்பார்கள்.